வெங்காயக் குடோனில் கட்டிய படகு

போன ஞாயிற்றுக்கிழமை ஒருத்தர் என் படகை விலைக்குக் கேட்டு வந்தார்.

எதற்கு? மீன் பிடிக்கவா? இல்லை. சவாரி போகவா? அதுவும் இல்லை. பைபாஸில் புதுசாகப் பிரியாணி ஹோட்டல் திறக்கிறாராம். வாசலில் படகை வைத்து, உள்ளே ஐஸைக் கொட்டி, அதன் மேல் கலர் பாட்டில்களை அடுக்கப் போகிறாராம்.

"ஃபேமிலியா வர்றவுக நின்னு போட்டோ எடுத்துக்குவாக மேடம்... நல்லா எடுப்பா இருக்கும்" என்றார்.

பதில் சொல்ல எழுந்தேன். நான் எழுந்தால் ஒரு சத்தம் வரும். இடது காலில் இரும்புக் கேலிப்பர் — மூன்று வயதில் வந்த போலியோவின் பரிசு. முட்டியில் 'டக்'கென்று லாக் விழும். மனுஷன் முகமே மாறிவிட்டது.

"அய்யோ... பாவம்! நீங்க உக்காருங்க மேடம். உங்களுக்கு எதுக்கு இது? சும்மாதான கிடக்கு?"

"சும்மா கிடக்கல சார். தண்ணிக்குக் காத்துக்கிட்டு கிடக்கு. திண்டுக்கல்ல எல்லாரும் அப்படித்தான?" என்றேன்.

வீடு தேடி வந்தவரைக் காபி கொடுக்காமல் நான் அனுப்புவதில்லை. டொனேஷன் கேட்டு வருகிறவர்களுக்குக்கூட டொனேஷன் இல்லாவிட்டாலும் காபி உண்டு. இவருக்கு இல்லை. அவர் போன பிறகும் ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. "பெரிய படகு... வித்துத் தொலைச்சா வராண்டாவாவது காலியாகும். அதுக்கு ஏன் இம்புட்டுக் கோவம்?" என்று அண்ணி கேட்டார்.

கோபம் படகைக் கேட்டதற்கு இல்லை. அந்த 'பாவம்' இருக்கிறதே... அதற்கு!

பஸ்ஸில் பாவம். கல்யாண வீட்டுப் பந்தியில் பாவம். கோயிலில் பூசை முடிந்து படியிறங்கினால் நாலு பாவம். நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துகிறவள். எனக்கு முன்னால் உட்கார்ந்து 'ஏ எஸ் டி எஃப்' தட்டத் தெரியாமல் முழிக்கிற பையன்கூட, நான் ரிப்பன் மாற்ற எழுந்தால் உச்சுக் கொட்டுவான். டேய்... யாருடா பாவம்?

இந்த வார்த்தைக்கும் படகுக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு.

எட்டாம் வகுப்பில் கொடைக்கானலுக்கு டூர் போனோம். ஏரியில் படகு. வரிசையில் நானும் நின்றேன். படகுக்குள் செருப்போடு ஏறக்கூடாது என்று டீச்சர் சொல்லவும், எல்லாரும் கழற்றிக் கரையில் போட்டார்கள். நானும் குனிந்து கேலிப்பர் வாரை அவிழ்க்கப் போனேன். டீச்சர் என் தோளைத் தொட்டார்.

"நீ வேண்டாம்மா... பாவம். இங்கனயே உக்காந்து செருப்பப் பாத்துக்க. என்ன?"

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் வினை. திட்டியிருந்தால் திருப்பிச் சண்டையாவது போட்டிருப்பேன்! வகுப்பே ஏரியில் சத்தம் போட்டுக்கொண்டு சுற்றியது. நான் நாற்பத்தொரு ஜோடி செருப்புக்குக் காவல்.

சரி, சின்னப் பிள்ளையில் நடந்தது, மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். முப்பத்தாறு வயதில், தொண்ணூறுகளின் கடைசியில், மதுரையில் பழைய புத்தகக் கடையில் டைப்ரைட்டிங் புத்தகம் தேடும்போது வேறொன்று கையில் சிக்கியது. அட்டை கிழிந்த இங்கிலீஷ் புத்தகம். கனூ கட்டுவது எப்படி என்று படம் போட்டு விளக்கம். கனூ என்றால் ரெண்டு முனையும் கூரான, ஒல்லியான துடுப்புப் படகு. மெல்லிய மரப் பட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டியே முழுப் படகையும் செய்துவிடலாமாம். ஒரு பக்கத்தில் தாடிக்காரர் ஒருத்தர் அதில் உட்கார்ந்து துடுப்புப் போடுகிறார்.

அவருக்குக் கால் எங்கே என்று தேடினேன். தெரியவில்லை! படகுக்குள்ளே இருந்தது. நல்ல காலா, சூம்பிய காலா — பார்க்கிறவனுக்கு என்ன தெரியும்? வெளியே தெரிந்தது ரெண்டு கைதான். கைக்கு என்னிடம் குறைவா? முப்பது வருஷமாக உடம்பைத் தூக்கி நடக்கிற கை, பத்து வருஷமாக மெஷின் தட்டுகிற கை.

புத்தகத்தை வாங்கிக்கொண்டு நேரே வெங்காய மண்டிக்குப் போனேன். அண்ணன் சேவியருக்கு அங்கேதான் வியாபாரம். அப்பா போன பிறகு நானும் அவன் வீட்டில்தான்.

"அண்ணே, பின்னாடி குடோன் காலியாத்தான இருக்கு? எனக்கு வேணும்."

"எதுக்கு?"

"படகு செய்ய."

அண்ணன் தராசை விட்டுவிட்டு என்னையே பார்த்தான். பிறகு பக்கத்துக் கடைக்காரரிடம் மெதுவாகச் சொன்னான். எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு! "செய்யட்டும்ணே. பாவம், அதுக்கும் பொழுது போகணும்ல."

போச்சா? அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். படகு செய்வேன், அதில் நான் மட்டும் ஏறுவேன், ஊர் பார்க்க ஓட்டுவேன்.

ஆசை இருந்தால் போதுமா? ஆள் வேண்டாமா? முத்தையா ஆசாரியைப் பிடித்தேன். எங்கள் வீட்டுக் கதவு, குடோன் கதவு எல்லாம் அவன் செய்ததுதான். நிலைக்கதவில் கெட்டிக்காரன். என்னைவிட நாலு வயது இளையவன், வாய் நாற்பது வயது மூத்தது. படகை அவன் வாழ்நாளில் தொட்டதில்லை. நானும்தான். எனக்கு இங்கிலீஷ் தெரியும், அவனுக்கு இழைப்புளி தெரியும். இதுதான் எங்கள் மூலதனம்.

புத்தகத்தில் போட்டிருந்த மரம் நம் ஊரில் கிடையாது. "மலைவேம்பு போடுவோம்க்கா. லேசா இருக்கும், சொன்னபடி வளையும்" என்றான். மில்லில் கொடுத்து, சுண்டுவிரல் கனத்துக்குக்கூட இல்லாமல், நீள நீளமாக ரீப்பராக அறுத்து வந்தோம். பிளைவுட்டில் படகின் குறுக்குவெட்டு வடிவில் அச்சாக ஃபர்மா வெட்டி, அடிக்கு ஒன்றாக நிறுத்தினோம். அதன்மேல் ரீப்பரை ஒன்றன்பின் ஒன்றாக வளைத்துப் பசை போட்டு ஒட்ட வேண்டும். பிடித்து வைக்கக் கிளாம்ப் ஏது? பழைய சைக்கிள் டியூபை வாராகக் கிழித்து இறுக்கிக் கட்டினோம். ஒரு நாளைக்கு ரெண்டு ரீப்பர், மிஞ்சினால் மூணு.

முத்தையாவுக்குத்தான் பெரிய கஷ்டம். கதவு செய்கிறவனுக்கு நேர்கோடுதான் தெய்வம். படகிலோ நேராக ஒரு இடம்கூட இல்லை. பத்தாம் நாள் கையிலிருந்த மூலைமட்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டான்.

"ஒரே ஒரு இடத்துலயாவது இத வைக்க விடுங்கக்கா! எம் பொழப்பு என்னத்துக்கு ஆச்சு? எல்லாமே கோணலு!"

"கோணலா இருந்தாத்தான் மிதக்கும் முத்தையா."

"இதப் போயி வெளிய சொல்லாதீக. ஒரு பய கதவு செய்யக் கூப்பிட மாட்டான்."

ஊர் சும்மா இருக்குமா? குழாயில் தண்ணி வந்தால் தெருவே ஓடுகிற ஊர் இது. "டீச்சரம்மா, படகுக்குச் சக்கரம் வைக்கிறீகளா?" என்று ஒருத்தர். "வெள்ளம் வந்தா எங்களையும் ஏத்திக்கங்க" என்று இன்னொருத்தர். தண்ணி இல்லாத ஊருக்குப் பெண் கொடுக்கவே யோசிக்கிறார்கள், இவள் படகு செய்கிறாள்! சிரித்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டேன். சிரிப்பைத் தாங்கலாம். உச்சுக் கொட்டுவதைத்தான் தாங்க முடியாது.

தண்ணி புகாமல் இருக்க, சித்திரை வெயிலில் ரெசின் பூசினோம். மேலே கண்ணாடி இழைத் துணி விரித்து, அது ஊறும்படி ரெசின் தடவ வேண்டும். புத்தகக்காரர் குளிர்தேசத்து மனுஷர், ஆற அமரப் பூசச் சொல்கிறார். இங்கே கலக்கிய பிளாஸ்டிக் மக்குக்குள்ளேயே புகை வந்து, கல்லாக இறுகிவிட்டது! மூணு மக்கு போனது. அப்புறம் விடியற்காலையில் மட்டும் பூசுவது என்று வைத்துக்கொண்டோம். பதினொரு மாதம் ஆனது. உரித்த பூண்டு மாதிரி வழவழவென்று, பதினைந்தடி நீளத்தில் ஒரு படகு, வெங்காய வாசத்தோடு நின்றது.

அந்தக் கார்த்திகையில் அதிசயமாக மழை கொட்டியது. ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு குளம், நாலு வருஷத்துக்கப்புறம் நிறைந்து மறுகால் பாய்ந்தது. ஆனால் குளத்துத் தண்ணி எனக்காகவா காத்திருக்கும்? பொங்கல் கழிந்த வெள்ளிக்கிழமை பாசனத்துக்கு மடை திறப்பதாக ஊரில் பேசி முடித்துவிட்டார்கள். திறந்தால் பத்து நாளில் சேறுதான். அதற்குள் இறக்க வேண்டும். விட்டால், அடுத்து எந்த வருஷம் நிறையுமோ?

இறக்குவதற்கு முன் ஒழுகுதா என்று பார்க்க வேண்டாமா? நம் ஊரில் எதை வாங்கினாலும் எப்படிப் பார்ப்போம்? குடமோ, தொட்டியோ — உள்ளே தண்ணி ஊற்றி வைத்துப் பார்ப்போம். படகையும் அப்படித்தான் பார்த்தோம்! வெளியே தண்ணி இருக்க வேண்டிய சாமானுக்கு உள்ளே தண்ணி. பின்பக்கம் முட்டுக் கொடுத்து உயர்த்தி, முன்முனையில் நாலு குடம் ஊற்றினோம். அண்ணி வயிறெரிந்தார். முதல் நாள் சொட்டு ஒழுகவில்லை. ரெண்டாம் நாளும் இல்லை. முத்தையா மீசையை முறுக்கினான்.

மூணாம் நாள் காலையில் குடோனைத் திறந்தேன். தரையெல்லாம் ஈரம். படகின் முன்முனையில் ஒரு ஜாண் நீளத்துக்கு விரிசல். நாலு ரீப்பர் வாயைப் பிளந்து நின்றது. உள்ளேயிருந்து ஏதோ வெள்ளையாக எட்டிப் பார்த்தது.

குனிந்து பார்த்தேன். முளை! பச்சைப்பயறு முளை விட்டிருந்தது.

"முத்தையா... என்னப்பா இது?"

அவன் முகம் வெளிறிவிட்டது. "நவதானியம்க்கா."

"என்னது?"

"நிலை வச்சா அடியில நவதானியம் போடுவோம்ல... இது அம்புட்டுப் பெரிய வேல, ஒண்ணுமே போடாம எப்படிக்கா விடறது? முன்னாடி கட்டையில ஒரு குழி வெட்டி, மஞ்சத் துணியில முடிஞ்சு ஒரு கைப்பிடி வச்சு அடைச்சேன். ரெசின் பூசின பெறகுதான் வச்சேன். மேல பூசினா நீங்க பாத்துருவீகன்னு..."

புரிகிறதா? முன்முனையில் நின்ற தண்ணி அந்தக் குழிக்குள் இறங்கியிருக்கிறது. கொண்டைக்கடலையும் மொச்சையும் ரெண்டு நாள் ஊறினால் சும்மா இருக்குமா? ஊதிப் பெருத்து, பதினொரு மாத உழைப்பைப் பிளந்துவிட்டன. உலகத்தில் எத்தனையோ படகு உடைந்திருக்கும்... பாறையில் மோதி, புயலில் சிக்கி. மொச்சைக்கொட்டையால் உடைந்த படகு என்னுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. முத்தையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

நான் ஒன்றும் யோக்கியம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். என் படகின் பின்முனையில், ரெசினுக்குள், என் அம்மா போட்டிருந்த மாதா மெடல் இருக்கிறது. முத்தையாவுக்குத் தெரியாமல் நான் வைத்தது. மெடல் முளைக்காது, அது ஒன்றுதான் வித்தியாசம்.

மடை திறக்கப் பதிமூணு நாள். அன்றைக்கு மத்தியானம் அண்ணன் வந்து பார்த்தான். விரிசலைத் தடவினான்.

"விட்டுரு ரெஜினா. நல்லதுக்குத்தான் உடைஞ்சிருக்கு. தண்ணில போயி இப்படி ஆகியிருந்தா? ஊரு என்னையத்தான கேக்கும்? கால் ஏலாத புள்ளைய இப்படி விட்டுட்டானேன்னு..."

"எனக்கு நீச்சல் தெரியும்."

"தெரியும், தெரியும். பாவம், சொன்னாக் கேளு."

மறுநாள் குடோன் கதவில் பூட்டு தொங்கியது. சாவி அவன் இடுப்பில்! பூட்டுக்கே பேர் போன ஊரில், இருப்பதிலேயே பெரிய பூட்டாகப் பார்த்து மாட்டியிருந்தான். அழுதேனா என்று கேட்காதீர்கள். அழுதேன். கோபத்தில் அழுதேன். முப்பத்தேழு வயதில் என்னை மறுபடியும் செருப்புக்குக் காவல் வைக்கிறான் என்று அழுதேன்.

அழுது முடித்து முத்தையா வீட்டுக்குப் போனேன். மூணு நாளாக வேலைக்குப் போகாமல் கிடந்தான்.

"பேசினது தப்புதான். வா. விரிசல வெட்டியெடுத்துட்டு புது ரீப்பர் வைப்போம்."

"கதவு பூட்டியிருக்காமேக்கா?"

"ஆமா. உடைக்க முடியாத பூட்டு."

அவன் மெதுவாக எழுந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். முகத்தில் மூணு நாளைக்கப்புறம் சிரிப்பு. "பூட்ட எதுக்குக்கா உடைக்கணும்? கீல் மாட்டுனது நாந்தான?"

அண்ணன் வெங்காயம் எடுக்க ஒட்டன்சத்திரம் போயிருந்த நேரம் பார்த்து, கீலைக் கழற்றிக் கதவை அப்படியே சாய்த்து வைத்தான். பூட்டு பூட்டியபடியே தொங்கியது. அதற்கு ஒரு கீறல் இல்லை! படகைத் தூக்கி முத்தையா வீட்டுப் பின்கட்டில் வைத்துவிட்டு, கதவை மறுபடி மாட்டினோம். அண்ணன் தினமும் வந்து பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போனான். உள்ளே காலி.

ஒன்பது நாள். நான் தரையில் உட்கார்ந்து உளியைப் பிடித்து உடைந்த ரீப்பரை வெட்டியெடுத்தேன். அவன் புதுசு வைத்தான். பழைய மரமும் புது மரமும் நிறம் சேரவில்லை, வேட்டியில் போட்ட ஒட்டு மாதிரி பளிச்சென்று தெரிந்தது. தெரியட்டும்! மேலே துணி போட்டு ரெசின் பூசினோம்.

வெள்ளிக்கிழமை மடை திறப்பு. வியாழக்கிழமை காலையில் டெம்போவில் படகைக் கட்டிக்கொண்டு குளத்துக்குப் போனோம். படகைப் பார்த்ததும் கரையில் கூட்டம். ஆடு மேய்க்கிறவர், களை எடுக்க வந்த பெண்கள், பள்ளிக்கூடத்துக்குப் போகாத பிள்ளைகள். நான் கரையில் உட்கார்ந்து கேலிப்பரைக் கழற்றினேன். இரும்போடு தண்ணியில் இறங்க முடியுமா? கூட்டத்தில் உச்சுக் கொட்டுகிற சத்தம் கேட்டது. அந்த நேரம் பார்த்து அண்ணனின் மொபெட் வந்து நின்றது. யாரோ மண்டியில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

"ஏ ரெஜினா! உனக்குப் புத்தி இருக்கா? இறங்காத! முத்தையா, உன்னைய வந்து வச்சுக்கிறேன்!"

ஓடி வந்து படகைப் பிடித்துக்கொண்டான். மூச்சு வாங்கியது. கண் கலங்கியிருந்தது.

"நீ செத்துப் போயிட்டா நான் என்ன புள்ள செய்வேன்?"

நானும் மறுபக்க விளிம்பைப் பிடித்தேன். விடவில்லை.

"அண்ணே, எனக்கு ஒம்பது வயசுல நம்ம தோட்டத்துக் கிணத்துல என்னைத் தள்ளிவிட்டது யாரு?"

அவன் தண்ணியைப் பார்த்தான்.

"சொல்லு. யாரு?"

"நாந்தான்."

"ஏன் தள்ளுன?"

"எல்லாரும் நீச்சல் படிச்சாக. நீ மட்டும் மேல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்த... பொறுக்கல."

"அன்னைக்கு உனக்கு நான் பாவமாத் தெரியல. தங்கச்சியாத் தெரிஞ்சேன். இப்பவும் தள்ளு."

அண்ணன் படகிலிருந்து கையை எடுத்தான். பிறகு செருப்பைக் கழற்றிக் கரையில் விட்டான். வேட்டியை மடித்துக் கட்டினான். என்னைத் தூக்கப் போனான். "தூக்காத, படகை மட்டும் பிடி" என்றேன். பிடித்தான். நானே கையை ஊன்றி உள்ளே போய் உட்கார்ந்தேன். முழங்கால் தண்ணி வரைக்கும் வந்து, ஒரு தள்ளு தள்ளினான்.

படகு வழுக்கிக்கொண்டு போனது. ஒரு ஆட்டம் ஆடியது. உயிர் போய் வந்தது. துடுப்பை இடது பக்கம் போட்டேன், வலது பக்கம் போட்டேன். ஒட்டுப் போட்ட முனை கனம் கூடிவிட்டதோ என்னவோ, படகு இடப்பக்கமாக லேசாக இழுத்து இழுத்துப் போனது. நான் செய்த படகு வேறு எப்படி நடக்கும்? சிரிப்பு வந்துவிட்டது. ஒரு சொட்டுத் தண்ணி உள்ளே வரவில்லை.

நடுக் குளத்தில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். முத்தையா கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தான். அண்ணன் ஒரு கையில் என் கேலிப்பர் ஷூவையும் இன்னொரு கையில் தன் செருப்பையும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி நின்றான். அவனைச் சுற்றி ஊரே நின்றது. எல்லாருக்கும் ரெண்டு ரெண்டு கால், நல்ல கால்.

பாவம்... கரையிலேயே நின்றார்கள்.